பழமையால் ஏற்பட்ட பழுது

வடக்குத்துறை,
14 அக்டோபர் 2024

அன்புள்ள மணிவண்ணனுக்கு,

திருமுருகன் எழுதுகிறேன். நீ நம்பரை மாற்றிவிட்டாய். உன் தம்பி கலைமணியிடம் புது நம்பர் கேட்டேன். "அண்ணன் குடுக்க வேணாம்னு சொல்லிருக்குங்க" என்று மரியாதையாகவே சொன்னான். அதனால்தான் பெரம்பலூர் ஆயுதப்படை முகவரிக்குக் கடிதம். கைக்கு வந்துவிட்டால் பிரிக்காமல் இருக்க மாட்டாய் என்று ஒரு நம்பிக்கை.

வெற்றிச்செல்வியும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? வருகிற மாசியில் பாப்பாவுக்கு மூன்று முடியும், இல்லையா?

நல்ல செய்தி ஒன்று. நம் ஏழாம் நம்பர் படகு மறுபடி கடலுக்குப் போகப் போகிறது. துறைமுகப் பாதுகாப்புக்கென்று ஒரு மானியம் இருக்கிறதாம். துறைமுக வாயிலில் ரோந்து போகிற போலீஸ் படகுகளைப் புதுப்பிக்கப் பணம் தருகிறார்கள். புது இன்ஜின், புது ரேடார், அடிப்பாகத்துக்குப் புதுப் பூச்சு. நம் நிலையத்திலிருந்து ஏழாம் நம்பருக்குத்தான் விண்ணப்பம் தயாராகிறது. நீ போனதிலிருந்து அது கரையில் சிமென்ட் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுக்கான் அறையில் காக்கை கூடு கட்டி இரண்டு முறை குஞ்சு பொரித்துவிட்டது. அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. இப்போதைக்கு ஏழாம் நம்பரின் ஆள்பலம் அவ்வளவுதான்.

நேற்று அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். நாம் முதலில் ஏறிய நாள் ஞாபகம் வந்தது. டீசல் மெக்கானிக் சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக, சுண்ணாம்புக்கல் குழித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத இரண்டு பேரைக் கொண்டுவந்து கடலில் விட்டார்கள். நீ படகுத்துறையில் நின்று, "டேய், இதுக்கு எதிர்க்கரை எங்கடா?" என்றாய். சிரிக்காத ஆளில்லை. நம் அரியலூர்ப் பக்கமும் ஒரு காலத்தில் கடல்தானாம், அதனால்தான் குழியில் சங்கு மாதிரிக் கல் கிடைக்கிறதாம் என்று நான் சொன்னேன். "அப்ப நாம லேட்டா பொறந்துட்டோம்டா. வூட்டு வாசல்லயே டூட்டி பாத்திருக்கலாம்" என்றாய். ஒன்பது நாள் வாந்தி எடுத்தாய். பத்தாவது நாள் என் பங்கு மீன் வறுவலையும் சேர்த்துத் தின்றாய்.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். படகு கடைசியாக ஓடியபோது இருந்த இன்ஜின் டிரைவரின் வாக்குமூலம் வேண்டுமாம். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இன்ஸ்பெக்டர் வைத்திலிங்கம் ஐயா அவசரப்படுத்துகிறார். மார்ச்சுக்குள் முடிய வேண்டுமாம்.

உன் பதிலுக்காகத் தபால் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்,
திரு


பெரம்பலூர்,
22 அக்டோபர் 2024

திருவுக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் ஏட்டய்யா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் காலத்துல லெட்டரு போடறது யாருய்யா? பொம்பளப் புள்ளையா?"

"கூட வேல பாத்தவன் ஐயா."

"அப்ப ஏதோ காரியம் ஆவணும்" என்றார். உறையைப் பிரிக்காமலே சொன்னார்.

நான் இங்கே வந்த புதிதில் எட்டு மாதம் பழைய நம்பரையே வைத்திருந்தேன். நீ கூப்பிடுவாய் என்று. நீ கூப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் மாற்றினேன். இது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்றபடி சுகம். வெற்றிச்செல்வி வீட்டிலேயே தையல் வேலை எடுக்கிறாள். பாப்பா வாயாடி. எனக்குத் துப்பாக்கியோடு காவல் கூண்டில் நிற்கிற வேலை. எதிரே மக்காச்சோளம் ஏற்றிய லாரிகள் போகும். சத்தத்தை வைத்தே எதற்கு இன்ஜெக்டர் போயிருக்கிறது, எதற்கு பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை. சில நாள் கண்ணை மூடினால் காலுக்குக் கீழே தரை ஆடுவது போல இருக்கும். ஆடாது. பெரம்பலூர்த் தரை ஆடவே ஆடாது.

மீன் வறுவல் பற்றி நீ எழுதியது பொய். பாதிதான் தின்றேன்.

நீ அனுப்பியது மூன்றாம் பக்கம் மட்டும். ஒன்றும் இரண்டும் எங்கே? இன்ஜின் எப்படிப் போனது என்று அதில் என்ன எழுதியிருக்கிறார்கள்? பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு முறை பார்க்காமல் செய்ததற்குத்தான் இங்கே நிற்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், திரு. நான் படகுக்குத் திரும்ப வேண்டும். என் பணிப் பதிவேட்டில் "கவனக்குறைவால் இன்ஜினைப் பாழாக்கியவர், படகுப் பணிக்குத் தகுதியற்றவர்" என்று எழுதியிருக்கிறது. அது இருக்கும்வரை எந்தத் துறைமுகத்திலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். ஏழாம் நம்பர் பிழைத்து வந்தால் அதில் எனக்கு இடம் உண்டா? அதை முதலில் கேட்டு எழுது.

மணி


வடக்குத்துறை,
6 நவம்பர் 2024

அன்பு மணிக்கு,

தீபாவளிக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. தங்கை அனிதாவைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் ஒத்தாசைக்கு ஆளில்லை, எனக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பாட்டு. செந்துறை கடைவீதியில் உன் அம்மாவைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு அதுவாகவே வந்து பேசியது.

"திருமுருகா, எம்புள்ளய மறுபடி படகுக்கு அழைச்சுக்குவாங்களா? அங்க இருந்தப்ப மொகம் தெளிவா இருந்துச்சுய்யா. இப்ப லீவுக்கு வந்தாலும் குழித் தண்ணிய பாத்துட்டு உக்காந்துருக்கான்."

நான் ஏதோ சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பைக்கில் உட்கார்ந்துகொண்டே சொன்னேன். அது பைக்கைப் பார்த்துவிட்டு, "சரிய்யா, பாத்துப் போ" என்றது.

முதல் இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் "பழமையால் ஏற்பட்ட பழுது" என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் நிபந்தனைகளைப் படி. பணியாளரின் கவனக்குறைவால் கெட்ட இன்ஜினுக்கு மானியம் கிடையாது. வயதாகிப் போனால் மட்டும்தான். அதனால் உன் வாக்குமூலத்தில், இன்ஜின் முன்பிருந்தே சூடாகிக்கொண்டிருந்தது, வயதாகிவிட்டது என்று வரவேண்டும்.

நீ கேட்டதை வைத்திலிங்கம் ஐயாவிடம் கேட்டேன். "போட்டு அனுப்பச் சொல்லுய்யா. படகு வந்ததும் நானே சிபாரிசு எழுதுறேன்" என்றார். வாய் வார்த்தைதான். ஆனால் முன்னைவிட இறங்கித்தான் பேசுகிறார்.

நினைத்துப் பார். புது இன்ஜினை நாம் இரண்டு பேரும் முதல்முதலாக ஸ்டார்ட் பண்ணுவதை.

திரு


பெரம்பலூர்,
15 நவம்பர் 2024

திரு,

உன் கடிதத்தைக் காவல் கூண்டில் வைத்துப் படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கூண்டுக்காரன் எட்டிப் பார்த்தான்.

ஒரே இன்ஜின். எனக்குத் தண்டனை கொடுக்கும்போது கவனக்குறைவால் போனது. மானியம் கேட்கும்போது வயதாகிப் போனது. இரண்டுக்கும் சிபாரிசு செய்தது ஒரே வைத்திலிங்கம். எனக்கென்று வரும்போது குற்றம், அவர்களுக்கென்று வரும்போது மூப்பு. இதில் மூன்றாவது கையெழுத்துக்கு என்னையே கூப்பிடுகிறார்கள்.

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். உனக்குத் தெரியும்தான். எழுதினால் எனக்குத் தெளியுமா என்று பார்க்கிறேன்.

இன்ஜின் சூடாகாமல் இருக்கக் கடல்தண்ணீரை உள்ளே இழுக்கும் குழாய்க்கு ஒரு வால்வு. ஃபில்டரைக் கழுவும்போது அதை மூட வேண்டும், கழுவியபின் திறக்க வேண்டும். மூடிய வால்வோடு ஓட்டினால் இன்ஜின் வெந்துவிடும். நமக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ரெட்டிபாளையம் லாரி ஷெட்டில் இருந்தபோதே வந்தது. லாரிக்கு அடியில் படுக்கிறவன் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எழுந்து வரும்வரை லாரியை எவனும் கிளப்ப முடியாது. படகிலும் அதையே செய்தோம். வால்வை மூடுகிறவன் பையில் சாவி. திறந்த பிறகுதான் சாவி சுக்கான் அறை ஆணிக்குப் போகும்.

பாப்பா பிறந்த மறுநாள் அது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் வெற்றிச்செல்விக்குக் காய்ச்சல் என்று போன்மேல் போன். முந்தின நாள் சாயங்காலம் ஃபில்டர் கழுவுகிற முறை என்னுடையது. கழுவினேனா, இல்லையா என்றே எனக்கு ஞாபகமில்லை. காலையில் வந்தேன். சாவி ஆணியில் தொங்கியது. சாவி ஆணியில் இருந்தால் வால்வு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் பண்ணினேன். துறைமுக வாயிலைத் தாண்டுவதற்குள் புகை. வால்வு மூடியிருந்தது.

விசாரணையில் "நானே மூடிட்டு மறந்திருப்பேங்க" என்று சொன்னேன். வேறு யார் மூடியிருப்பார்கள்? என் முறைதானே. இரண்டே முக்கால் வருடமாக அந்தச் சாயங்காலத்தைத் தேடிப் பார்க்கிறேன். அகப்படவில்லை.

அந்த இன்ஜினுக்கு வயதானதும் பொய்யில்லை. ரோந்து போனதாக மீட்டர் காட்ட வேண்டும் என்று கரையில் கட்டிப்போட்டே எத்தனை மணி நேரம் ஓட்டவைத்தார்கள்? ஆனால் அன்றைக்கு அது தானாகச் சாகவில்லை. நான் கொன்றேன்.

முதலில் என் தண்டனையை ரத்து செய்யட்டும். பிறகு கையெழுத்துப் போடுகிறேன். வைத்திலிங்கத்திடம் அப்படியே சொல்.

மணி


வடக்குத்துறை,
2 டிசம்பர் 2024

அன்பு மணிக்கு,

சொன்னேன். முதலில் ரத்து செய்ய முடியாதாம். "பெரம்பலூர்ல நிக்கறவன் எனக்கு கண்டிசன் போடறானா?" என்றார். கோபத்தில் சொன்னது. நீ மனதில் வைக்காதே.

மணி, பிடிவாதம் வேண்டாம். படகு வந்தால்தான் உனக்கு வழி. இங்கே புதிதாக நாலு பையன்கள் வந்திருக்கிறார்கள். அஜித்குமார் என்று ஒருவன், ஆண்டிமடம் பக்கம். முந்திரிக் காட்டில் வளர்ந்தவன். கடலைப் பார்த்து அவன் கேட்டது, "அண்ணே, இது எப்ப நிக்கும்?" அலையைச் சொன்னான். எனக்கு உன் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. இவர்களுக்கு ஓட்டிப் பழக ஒரு படகுகூட இல்லை.

நாம் இருந்தபோது எப்படி இருந்தது. தூத்தல் போடும்போது தார்ப்பாய்க்கு அடியில் ஸ்டவ்வை மறைத்துக்கொண்டு நீ குழம்பு வைப்பாய். புளியைக் கடல்தண்ணீரில் கரைத்துவிட்டு, "உப்பு மிச்சம்டா" என்பாய். அந்த பிப்ரவரியில் ஜெல்லி மீன் எப்படி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஃபில்டரைத் திறந்தால் கிண்ணம் நிறைய அதுதான், கொழகொழவென்று. நான் வெறுங்கையை விட்டு வாரியதில் முழங்கைவரை தடித்து ஒரு வாரம் அரித்தது. ஏழாம் நம்பரில் நான் கடைசியாகச் செய்த வேலை அதுதான். அந்த அரிப்புகூட இப்போது நல்லதாகத் தோன்றுகிறது.

யோசித்து எழுது. நாள் போய்க்கொண்டிருக்கிறது.

திரு


பெரம்பலூர்,
9 டிசம்பர் 2024

திரு,

நீ ஃபில்டரைத் திறந்தது எந்த நாள்?

அந்த வாரத்துக்கு முன்னால் உன் கையில் தடிப்பு எதுவும் இல்லை. இன்ஜின் போவதற்கு மூன்று நாளுக்கு முன்புதான் நாம் சேர்ந்து வலைக்கயிறு முடிந்தோம், நான் பார்த்திருப்பேன். இன்ஜின் போன மறுநாள் விசாரணையில் நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். அதிகாரி முன்னால் மரியாதை என்று நினைத்தேன். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தாய்.

மானியம், மார்ச், சிபாரிசு எதையும் எழுதாதே. நான் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

மணிவண்ணன்


வடக்குத்துறை,
28 டிசம்பர் 2024

மணி,

முந்தின நாள் சாயங்காலம்தான்.

நீ போனில் இருந்தாய். கரையோரமாக நடந்து நடந்து பேசிக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த வேலையாவது அவனுக்கு மிச்சமாகட்டும் என்று உன் முறையை நான் செய்தேன். வால்வை மூடினேன், சாவியைப் பையில் போட்டேன், ஜெல்லி மீனை வாரிக் கொட்டினேன். கை எரிய ஆரம்பித்தது. தேங்காய் எண்ணெய் தேடி அறைக்குப் போனேன். வால்வைத் திறக்க மறந்துவிட்டேன். சாவியும் என் பையிலேயே போய்விட்டது.

மறுநாள் விடிகாலையில் ஞாபகம் வந்து ஓடிவந்தேன். ஐந்து நிமிஷத்தில் திறந்துவிடப் போகிறோமே என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கப் போனேன். அப்போது வைத்திலிங்கம் போன் பண்ணினார். அவர் குவார்ட்டர்ஸில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், உடனே வா என்றார். ஓடினேன். ஒரு போலீஸ்காரன் கடமையை விட்டுவிட்டு அதிகாரி வீட்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நீ படகை எடுத்துவிட்டாய்.

விசாரணைக்கு முன்னால் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லவில்லை என்று நினைக்காதே. அவர் சொன்னார்: "உம் பேரு வந்தா, காலையில நீ எங்க இருந்தேன்னு வரும். எம் பேரும் வரும். அவனே ஒத்துக்கறான்ல, அதோட முடி. நீ நம்ம பய. அவனுக்குன்னு வந்து கேக்க எவன் இருக்கான்?"

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஊருக்குள் இருக்கிற எனக்கு ஆள் உண்டு, காலனியில் இருக்கிற உனக்கு ஆள் கிடையாது. அனிதாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா கூப்பிட்டும் வீட்டுக்கு வராமல் போனதற்கு ஊர் மட்டும் காரணமில்லை. அது போட்ட சோற்றில் எப்படிக் கை வைப்பேன்?

எல்லாவற்றையும் தனிக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். இதைக் கொடுத்தால் உன் பெயர் சுத்தமாகிவிடும். என் வேலை போகலாம். மானியமும் போகும், ஏழாம் நம்பரும் போகும். என்ன செய்வது என்று நீயே முடிவு செய். நீ எது செய்தாலும் சரி.

திருமுருகன்


பெரம்பலூர்,
7 ஜனவரி 2025

திருமுருகனுக்கு,

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடிப்பு மாறாமல் இருக்கிறது, பார்த்துக்கொள்.

ஒரு வாரம் அதை வைத்திருந்தேன். வெற்றிச்செல்வி படித்தாள். "குடுத்துடுங்க. இத்தன வருசம் ராத்திரியில எந்திரிச்சு ஒக்காந்தீங்களே, அதுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் நான் கொடுக்கவில்லை. மூன்று வருடம் தப்பை என் தலையில் வைத்தீர்கள். இப்போது படகு வேண்டுமா, நண்பன் வேண்டுமா, பேர் வேண்டுமா என்கிற முடிவையும் என் தலையிலேயே வைக்கிறாய். உன் உண்மையைச் சுமந்துபோய்க் கொடுக்க நான் ஆளில்லை. உனக்குக் கால் இருக்கிறது. உன் அறையிலிருந்து ஆபீஸ் நூறு அடி.

என் பங்குக்கு நான் வாக்குமூலம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். "சாவி ஆணியில் இருந்தது. வால்வைக் குனிந்து பார்க்காமல் ஸ்டார்ட் செய்தேன். வால்வை நான் மூடியதாக முன்பு சொன்னது ஊகம். எனக்கு அப்படி ஞாபகமில்லை." இவ்வளவுதான். வயது, பழமை என்று எதுவும் எழுதவில்லை. உன் பெயரும் இல்லை.

என் முறையை எனக்காகச் செய்தாய் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் நாலைந்து முறை படித்தேன். அன்றைக்கே வந்து, "மணி, நான்தான்டா" என்று சொல்லியிருந்தால், விசாரணையில் உனக்காக நானே பொய் சொல்லியிருப்பேன். நீ கேட்டிருக்கவே வேண்டாம். அப்படித்தான் இருந்தோம்.

மணிவண்ணன்


பெரம்பலூர்,
21 செப்டம்பர் 2025

திருமுருகனுக்கு,

எட்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உன் காகிதமும் ஆபீசுக்குப் போகவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டேன்.

வந்த காகிதங்களில் என் வாக்குமூலம் இருக்கிறது. அதற்கு ஒரு எண் போட்டு, "கோப்பில் சேர்க்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் என் இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது அஜித்குமார். இன்ஜின் பலமுறை கடலில் சூடானதைத் தான் நேரில் பார்த்ததாக எழுதியிருக்கிறான். படகைக் கரையில், நாய்க்குட்டிகளோடு மட்டும் பார்த்தவன். எழுதச் சொன்னது யார் என்று கேட்க மாட்டேன்.

ஏப்ரலில் டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். உள்பக்கத்தில் ஏழாம் நம்பர். மாலை போட்டு, கொடி கட்டி, புதுச் சாம்பல் நிறப் பூச்சோடு. படகின் முன்பக்கம் நீ நின்றுகொண்டிருந்தாய். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். நல்ல வேலை, அடிப்பாகத்தை ஒழுங்காகத் தேய்த்துத்தான் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோபம் வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷத்துக்காக என்மேலேயே எனக்குக் கோபம்.

மேல்முறையீடு போட்டேன். இரண்டே காகிதம் வைத்தேன். ஒன்று, கவனக்குறைவு என்று சொல்லும் என் தண்டனை உத்தரவு. இன்னொன்று, பழமையால் ஏற்பட்ட பழுது என்று அதே இன்ஜினைப் பற்றித் துறையே கொடுத்த விண்ணப்பம். இரண்டில் எது பொய் என்று மட்டும் கேட்டேன். விண்ணப்பம் பொய் என்றால் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் என் குற்றம் பொய்யாகிவிட்டது. போன வாரம் உத்தரவு வந்தது. தண்டனை ரத்து. "படகுப் பணிக்குத் தகுதியற்றவர்" என்பதும் நீக்கம். நான் சொன்ன உண்மைக்கு ஒரு எண் கிடைத்தது. அவர்கள் சொன்ன பொய் என்னை விடுவித்தது. ஏட்டய்யா லட்டு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "எப்பய்யா படகுக்குப் போற?" என்றுதான் முதலில் கேட்டது.

வடக்குத்துறைக்கே மாறுதல் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. ஏழாம் நம்பர், இன்ஜின் டிரைவர். 29ஆம் தேதி, திங்கட்கிழமை காலை வந்து சேர்கிறேன்.

பொறுப்பு ஒப்படைப்பது பற்றி அஜித்குமார் போன் பண்ணினான். நல்ல பையன். கையெழுத்துப் போட்டதற்கு அவனாகவே மன்னிப்புக் கேட்டான். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். "அண்ணே, இங்க பசங்க உங்கள இன்ஜின எரிச்ச ஆளுன்னு பேசிக்கிறாங்க. நேர்ல யாராச்சும் எதுனா சொல்லிட்டா மனசுல வெச்சுக்காதீங்க."

ரத்து உத்தரவு ஆபீசுக்கு. படகில் அதை யாரும் படிக்க மாட்டார்கள். கடலுக்குப் போகிற நாலு பையன்கள், தங்கள் இன்ஜின் டிரைவரை நம்பாமல் போகக் கூடாது. ஆகவே திங்கட்கிழமைக்கு முன்னால் நீ அவர்களிடம் சொல்ல வேண்டும். ஆபீசுக்கு வேண்டாம், வைத்திலிங்கத்துக்கு வேண்டாம். அந்த நாலு பேரை உட்காரவைத்து, வால்வை மூடியது நான்தான் என்று உன் வாயால் சொல். அவர்களில் ஒருவன் அதை என்னிடம் வந்து சொன்னால், அன்றைக்கு நாம் பழையபடி பேசலாம். பேச நிறைய இருக்கிறது.

நீ சொல்லாவிட்டாலும் நான் ஏறுவேன். எண்ணெய் அளவு என்ன, சூடு எவ்வளவு, டீசல் எத்தனை லிட்டர் என்று கேட்பேன். நீ பதில் சொல்ல வேண்டும். அதற்குமேல் நமக்குள் பேச்சு இருக்காது. வெற்றிச்செல்வி எப்படி இருக்கிறாள், பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்காதே. பதினான்கு மீட்டர் படகில் எதிரெதிரே நின்றுகொண்டு பேசாமல் இருப்பது சிரமம்தான். எனக்குப் பழகிவிட்டது. நீதான் பழக வேண்டும்.

மணிவண்ணன்
இன்ஜின் டிரைவர்